செங்கோட்டையில் நான் வைத்த பீரங்கிகள்

கல்லூரி மலருக்கு எல்லை ஊரான செங்கோட்டையின் வரலாறு எழுதச் சங்கரன்கோவிலில் பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் எவர் பெயரும் அதுவரை அச்சில் வந்ததில்லை.

“கோட்டை எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்று அங்கே டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“இப்பம் பஸ்ஸுல ஒரு வளைவுக்குள்ள நுழைஞ்சு வந்தீருல்லா, அதுதான் வே. மிச்சத்தைக் கனவுலதான் பாக்கணும்.”

மதில் இல்லை, அகழி இல்லை. எல்லையைக் காத்தது ஒரு சோதனைச்சாவடி. சேலைக்குள் இரண்டு படி அரிசியைக் கட்டிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் பெண்களைப் பிடிக்க நான்கு காவலர்கள். கண்டதை எழுதினேன்.

மலரைக் கவனித்த பேராசிரியர் சிரித்தார். “ஏலே, அரிசி கடத்துததா வரலாறு? மதிலு, பீரங்கி, ரெண்டு போரு போடு. இல்லேன்னா கட்டுரை வராது.” அந்த மேதை செங்கோட்டைப் பக்கமே போனதில்லை.

போட்டேன். ஏழு பீரங்கிகள். மலரில் அதற்கே முதல் பரிசு.

எழுத்தறியாத அப்பா என் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். “கீழ உள்ளதையும் வாசிச்சுக் காட்டு மக்கா” என்றார்.

“அதெல்லாம் படிச்சவங்களுக்கு எழுதுனதுய்யா” என்று மலரை மூடினேன்.