குஞ்சம்மாள் போர்த்திய துண்டுகள்

குஞ்சம்மாள் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் மன்னார்குடியில் தையல்கடை வைத்திருக்கும் சாமிநாதன். போன சனிக்கிழமை காலை கைப்பேசியில் அழைத்து, "பாய், அக்கா தவறிட்டாங்க" என்றார். "காப்பி குடிச்சாங்களாம். சக்கரை பத்தலன்னு மருமகளைத் திட்டினாங்களாம். செவுத்துல சாஞ்சு உக்காந்தாங்களாம், அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "மரியாதையாத்தான் திட்டினாங்களாம்" என்று சேர்த்துக்கொண்டார். இறப்புச் செய்தியோடு இப்படி ஒரு தகவலைச் சொல்வது முறையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அக்காவை அறிந்த நமக்கு அது இல்லாமல் செய்தி முழுமையாகாது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை ஏதாவதொரு மேடையில் பார்த்திருப்பீர்கள். சிலர் அவர் கையால் துண்டு வாங்கியிருப்பீர்கள். வாங்கியவர்கள் அதை வெளியில் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சை மாவட்டம் பிரிக்கப்படாமல் இருந்த நாட்களில், எங்கள் வட்டத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். காலையில் நடவு, மாலையில் சங்கம். நிலத்தை வைத்திருப்பவருக்கும் நிலத்தில் இறங்குபவருக்கும் ஓயாமல் தகராறு நடந்த காலம் அது. தகராறுக்கு ஒரு கூட்டம், சமாதானத்துக்கு ஒரு கூட்டம், சமாதானம் முறிந்ததைக் கண்டித்து இன்னொரு கூட்டம். தமிழைச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் ஆண்டதால் எல்லா மேடையிலும் தமிழ் கரைபுரண்டு ஓடும். காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளிலும் அதில் குறை வந்ததில்லை.

மேடையில் பேசுபவருக்குத் துண்டு போர்த்துவது நம் வழக்கம். போர்த்த வருகிறார்கள் என்றால் பேச்சாளர் பேச்சை நிறுத்த வேண்டும், குனிய வேண்டும், கும்பிட வேண்டும். கூட்டம் கைதட்ட வேண்டும். எவ்வளவு பெரிய தலைவரும் துண்டை மறுத்து நான் பார்த்ததில்லை. இந்த வழக்கத்துக்குள் ஒரு பிரேக் இருப்பதைக் கண்டுபிடித்தவர் குஞ்சம்மாள் அக்கா.

நான் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். நிலஉச்சவரம்பு பற்றிய கூட்டம் ஒன்றில் ஒரு வக்கீல் பேசினார். நல்ல குரல், நல்ல மனிதர், ஏழைகளின் பக்கம் நின்றவர். "சட்டமன்றத்தில் நடப்பது விவாதமா? இல்லை! அது சேரி! சேரிச் சண்டை!" என்று முழங்கினார். எதிரே சேரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, கைதட்டவும் செய்தது. அக்கா எழுந்தார். பையிலிருந்து சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து உதறி வக்கீலுக்குப் போர்த்தினார். வக்கீல் குனிந்தார். மைக் அக்காவின் கைக்கு வந்துவிட்டது.

"வக்கீல் அய்யா ரொம்ப நல்லாப் பேசினாங்க. எங்க தெருவுல சத்தம் கூடத்தாங்க இருக்கும். வீடெல்லாம் நெருக்கம். சட்டசபையில அப்படி இல்லீங்க, எடம் நெறையக் கெடக்கு. அவங்க கத்துறதுக்கு எங்க தெருவைக் காரணம் சொல்ல வேணாம்."

வக்கீல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாதியிலேயே துண்டு போர்த்துற அளவுக்கு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன்.

எழுந்து மறுத்துப் பேசலாமே, ஏன் இந்தச் சுற்றுவழி என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "சண்டை போட்டா சண்டையைத்தான் பேசுவாங்க தம்பி, வார்த்தையை மறந்துடுவாங்க. துண்டு போட்டா வீட்டுக்குப் போயி, எதுக்குடா இவ போட்டான்னு ரோசிப்பாங்க" என்றார். துண்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் மேடையில் சொன்னதில்லை. அவருடைய அப்பா மிராசுதார் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அப்பாவின் மகள் கண்ட தோளில் எல்லாம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படித் துண்டு வாங்கிய கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மட்டும் அதோடு விடவில்லை. கூட்டம் முடிந்தபின் அக்காவை நிறுத்தி வைத்து விளக்கினார். சேரி போன்றவையெல்லாம் காலப்போக்கில் பொருள் மாறிய சொற்கள், வழக்கில் தேய்ந்தவை, சொல்பவர் மனத்தில் யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் இல்லை, சொல் பிறந்த இடத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்றார். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "வளந்துடுச்சுங்களா? ரொம்ப சந்தோசம். எங்க தெருவைத் தாண்டிப் போயிடுச்சுங்களா, இல்ல அங்கியே நின்னு வளருதுங்களா?" பேராசிரியர் இதற்கு விடை தேடுவதாகச் சொன்னார். ஓய்வு பெறும்வரை தேடினார் என்று நினைக்கிறேன்.

தம் தெருவுக்காக மட்டும் அவர் எழுந்ததில்லை. இன்னொரு கூட்டத்தில் ஒரு பேச்சாளர், "தாசில்தார் துலுக்கச்சி மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்" என்றார். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்த ஒரே துலுக்கன் நான். இப்படிப்பட்ட நேரங்களுக்கென்று ஒரு புன்னகையைத் தயாராக வைத்திருப்பது எங்கள் குடும்ப வழக்கம். அதை அணிந்துகொண்டேன். அக்கா எழுந்துபோய், அன்று மட்டும் துண்டைத் தோளில் போடாமல் தலையைச் சுற்றி முக்காடாகப் போட்டார். "எப்படிங்க இருக்கு? வெயிலுக்கு நல்லாத்தானே இருக்கு? இதுல ஒளியறதுக்கு என்னங்க இருக்கு?" என்றார். முன்பைவிடப் பெரிய சிரிப்பு. வீட்டில் வந்து சொன்னேன். எங்கள் உம்மா அதிகம் பேசாதவர். "அந்தப் புள்ளையக் கூட்டியா, சோறாக்கிப் போடணும்" என்றார். ஆக்கியும் போட்டார்.

தையல்கடை சாமிநாதனுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியது. ஒருமுறை கூலிப் பேச்சுவார்த்தைக்கு நிலக்காரர்கள் வராததைக் கண்டித்து அக்கா சூடாகப் பேசினார். "கூப்பிட்டா வரதில்ல. கேட்டா ஆயிரம் நொண்டிச் சாக்கு!" கூட்டத்தின் பின்வரிசையில் சாமிநாதன் எழுந்தார். கம்பை ஊன்றி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, படியேறி மேடைக்கு வந்து, தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்காவுக்குப் போர்த்தினார். மேடைக்கு வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் என்ன தப்பு என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து வாங்கிக்கொண்டு, "பொய்ச் சாக்குன்னு மாத்திக்கிறேன் சாமிநாதா. கம்பு ஊணி வந்து சொன்னே பாரு, வராதவங்களுக்கு அது வருமா?" என்றார். அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள்.

இதற்குள் அக்காவின் புகழ் பரவிவிட்டது. எங்கள் வட்டத்துக்குப் பேச வருபவர்கள் பயணச் செலவைப் பற்றிக் கேட்பதற்கு முன், மேடையில் குஞ்சம்மாள் இருப்பாரா என்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்காமல் வந்தவர் ஒரு அமைச்சர்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. அக்காவின் தெரு முழுவதும் ஒரே மிராசுதாரின் மனைக்கட்டில் இருந்தது. இரண்டு போகமாகச் சங்கம் அலைந்ததில் பட்டா தயாராகி, அமைச்சர் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் பட்டா அஞ்சலைக்கு. அஞ்சலை அக்காவோடு சிறு வயதிலிருந்து ஒரே வரிசையில் நடவு நட்டவர். அவருடைய குடிசையை மிராசுதார் ஆட்கள் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அவர் மறுபடி கட்டியிருக்கிறார். விழாவுக்கு முன் அவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா பாரு குஞ்சு, மந்திரி என்ன வேணா பேசிட்டுப் போவட்டும். பட்டா கைக்கு வர வரைக்கும் உன் துண்டு பைக்குள்ளயே இருக்கணும். தெருவே சொல்லுது. சத்தியம் பண்ணு."

"சரிடி" என்றார் அக்கா. நானும் அங்கே இருந்தேன்.

அமைச்சர் மிக அழகாகப் பேசினார். அடுக்கடுக்காகச் சொல் விழுந்தது. "ஏழையின் குடிசையைப் பிடுங்க எண்ணிய சண்டாளர்களை, அந்தச் சண்டாளர்களின் கொட்டத்தை அடக்கிய ஆட்சி இது!" என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. நிலம் வைத்திருந்தவரைத் திட்டுவதற்கு அவர் பயன்படுத்திய பெயர், நிலமில்லாமல் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பழைய நூல்கள் வைத்த பெயர் என்பது மேடையில் அக்காவைத் தவிர யாருக்கும் உறுத்தவில்லை. அமைச்சர் சொல்லை மறுபடி சொன்னார். முன்வரிசையில் தெருப் பிள்ளைகள் அந்தச் சொல்லையே கூவிக்கொண்டு குதித்தார்கள்.

அக்கா எழுந்தார். தாசில்தார் கைகூப்பித் தடுக்கப் பார்த்தார். கூட்டத்தில் அஞ்சலை, "ஏய் குஞ்சு!" என்று கத்தினார். துண்டு ஏறிவிட்டது. அமைச்சர் மகிழ்ந்து குனிந்தார். அக்கா அவர் காதோரமாகத்தான் சொன்னார். ஆனால் மைக் அந்தக் காதுக்கு மிக அருகில் இருந்தது.

"அய்யா, சண்டாளருன்னு சொன்னீங்களே, அது நாங்க. அவரு மிராசுதாரு. அவரைத் திட்டணும்னா அவரு பேரைச் சொல்லி, அவரு செஞ்சதைச் சொல்லித் திட்டுங்க. எங்களை எதுக்கு எரவல் வாங்குறீங்க?"

தென்னந்தோப்புக்கு அப்பால்வரை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். எல்லா ஊருக்கும் கேட்டது. பெரிய பேச்சாளரான அமைச்சருக்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. நேரமின்மை என்று ஒன்று கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பட்டாக்களும் ஏறின. மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்றார் தாசில்தார்.

அன்று மிராசுதார் வாழ்க்கையில் முதல்முறையாகக் குஞ்சம்மாளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதாகக் கேள்வி. அடுத்த வாரமே அவருடைய ஆட்கள் அஞ்சலையின் குடிசைக்குப் போகும் வரப்பை வெட்டிவிட்டார்கள். முழங்கால் சேற்றில் இறங்கித்தான் அஞ்சலை தன் வீட்டுக்குப் போகவேண்டும். அவர் அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "வார்த்தையை வெச்சுக் கூரை வேய முடியுமாடி?" பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். நடவு வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. சங்கத்திலேயே சிலர், பட்டா முக்கியமா வார்த்தை முக்கியமா என்று தீர்மானம் கொண்டுவரப் பேசினார்கள்.

அக்கா என்னிடம் சொன்னது ஒன்றே. "நான் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன் தம்பி, சத்தியம் பண்ணியிருக்கேன்ல. நம்ம புள்ளைங்களே அதைச் சொல்லிக் கூவுச்சு பாருங்க. அதான் முடியல."

பிறகு அவர் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார ஆரம்பித்தார். தினமும். பேசுவதில்லை. மடியில் பை. தாசில்தார் சாப்பிடப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பையைப் பார்த்தார். அறுவடை தொடங்குவதற்கு முன் பட்டா வந்துவிட்டது.

இம்முறை மேடையோ மைக்கோ இல்லை. தெருமுனையில் புங்கமரத்தடியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, பக்கத்தில் பெயர் கூப்பிட ஒரு தலையாரி. தெரு முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. அக்கா கடைசியில், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் இருந்தார்.

"ஏ அஞ்சலை! எங்கடி இருக்கே? வந்து வாங்கிட்டுப் போ" என்றார் தலையாரி.

அஞ்சலை மேசைக்கு எதிரிலேயே இருந்தார். கையை நீட்டினால் பட்டா. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏய், உன்னைத்தாண்டி!"

"போடி, போயி வாங்கு" என்று பின்னாலிருந்து பெண்கள் கிசுகிசுத்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் தொடவில்லை.

"யாரையோ கூப்பிடுறாரு" என்றார் அஞ்சலை, பக்கத்தில் இருந்தவரிடம். "என்னை டி போட்டுக் கூப்பிடுறவ ஒருத்திதான், குஞ்சு. இவரு என்ன குஞ்சா?"

தெரு சிரித்தது. தலையாரி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா வெயிலைப் பார்த்தார், சாப்பாட்டுத் தூக்குவாளியைப் பார்த்தார், பட்டாக் கட்டைப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து நின்று, "அஞ்சலை அம்மா, வாங்க" என்றார்.

அஞ்சலை புடவையை உதறிக்கொண்டு போய் வாங்கினார்.

அடுத்தவரைக் குமாஸ்தா வெறும் பெயரால் கூப்பிட்டார். அவரும் எழவில்லை. அதற்குமேல் குமாஸ்தா முரண்டு பண்ணவில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொருவரையும் வாங்க, வாங்க என்று கூப்பிட்டு, மதியம் முடிக்க வேண்டிய வேலையைச் சாயங்காலம் முடித்தார். அரசாங்கம் அந்தத் தெருவை வாங்க என்று கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அன்றுதான்.

அஞ்சலை பட்டாவோடு நேரே அக்காவிடம் வந்தார். "இந்தா, பட்டா எனக்கு. அந்த 'வாங்க' இருக்குல்ல, அது உனக்கு. சரியாப் போச்சா?" என்றார். அக்கா மூக்கைச் சிந்தினார். சேத்துத் தண்ணியில நின்ற சளி என்றார். அஞ்சலை, "ஆமா, ஆமா" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தத் தெருவில் இன்று ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் நிற்கின்றன. சனிக்கிழமை அங்கிருந்துதான் அக்காவைத் தூக்கிச் சென்றோம். அஞ்சலையால் நடக்க முடியவில்லை. நாற்காலியில் தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள்.

திட்டி எழுதிப் பிழைப்பவன் நான். அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது ஒரு சிரமம். பிறப்பையோ உடம்பையோ எடுத்து எறிந்தால் ஒரு சொல்லில் வேலை முடிந்துவிடும். அது கூடாது என்றால், அந்த ஆள் உண்மையில் என்ன செய்தார் என்று போய் விசாரித்து வந்துதான் திட்ட வேண்டியிருக்கிறது. அதிகம் திட்ட முடிவதில்லை. ஆனால் நான் திட்டியவர்கள் அதை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட முடியாமல், தங்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெருமை குஞ்சம்மாள் அக்காவைச் சேரும்.