சந்தனம் பூசிய வீடியோ கேம்

கடைக்குப் போய், "இருக்கறதுலயே பொடிப்பொடியா பொம்மை வர்ற வீடியோ கேம் எது?" என்று கேட்ட ஒரே ஆள் மதுரையில் நானாகத்தான் இருப்பேன். டவுன் ஹால் ரோட்டில் மாடிப்படி ஏறிப் போகிற சிங்கப்பூர் சாமான் கடை அது. கடைக்காரப் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாரும் பெரிசாகக் கேட்பார்கள், கலரில் கேட்பார்கள். நான் மட்டும் கண்ணை இடுக்கிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். எண்பதுகளின் பின்பாதி அது. கோச்சடையில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகளே நாலைந்துதான். வீடியோ கேமை நான் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. என் ஐந்து வயது மகளின் கண்ணுக்காகத்தான் அந்தப் படியேறினேன்.

பள்ளிக்கூடத்தில் கண் சோதிக்க வந்தவர்கள் இவளுக்கு மட்டும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அங்கே இளவயது டாக்டரம்மா ஒருவர் இவளுடைய வலது கண்ணை மூடிவிட்டு, எதிர்ச் சுவரில் இங்கிலீஷ் E எழுத்தையே பல பக்கமும் திருப்பித் திருப்பி எழுதியிருந்த பலகையைக் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிதாக மேலே இருந்த எழுத்துக்கே இவள், "எங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளும் இந்தப் பிள்ளை ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஓடியாடித் திரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இந்த இடது கண்ணை வேலைக்குக் கூப்பிடுறதில்ல. நல்ல கண்ணை மூடிட்டா வேற வழியில்லாம இதைக் கூப்பிடும். தினமும் நாலு மணி நேரம் மூடி வைங்க. கிட்டத்துல வச்சு உத்துப் பாக்குற வேலையா குடுங்க. ஏழு வயசுக்குள்ள செஞ்சாகணும்மா. அதுக்கப்புறம் என்ன கண்ணாடி போட்டாலும் பிரயோசனப்படாது."

ஒரு கண்ணாடியும் கண்ணில் ஒட்டுகிற பிளாஸ்திரிக் கட்டும் கொடுத்து அனுப்பினார்கள். சொல்வது சுலபம். அந்த நாலு மணி நேரத்தை என் எதிரிக்குக்கூட விதிக்க மாட்டேன். நல்ல கண்ணை மூடினால் பிள்ளைக்கு உலகமே கலங்கிவிடும். பயத்தில் கத்துவாள். அரிசியில் கல் பொறுக்கச் சொன்னேன், அரிசியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு முறத்தில் கல்லை விட்டுவைத்தாள். பாசி கோக்கச் சொன்னேன், பாசியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது. நான் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் கட்டைப் பிய்த்து எறிந்துவிடுவாள். ஒரு நாள் தேடிப் பார்த்தால், சுவர்க் காலண்டரில் இருந்த முருகனின் வலது கண்ணில் அது ஒட்டியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு அவளைவிட அதிகமாக நான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த முறை போனபோதுதான் வழி தெரிந்தது. காத்திருக்கும் கூடத்தில் ஒரு சின்னப் பெண் உள்ளங்கையளவு வீடியோ கேமை வைத்துக்கொண்டு கீக் கீக் என்று விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். என் மகள் போய் அவள் தோளோடு ஒட்டிக்கொண்டாள். அரை மணி நேரம். நல்ல கண்ணில் கட்டு அப்படியே இருந்தது, ஒரு தடவைகூடக் கை அங்கே போகவில்லை. டாக்டரம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "அரிசிக்கு அது எவ்வளவோ மேல். டிவியில மாட்டுறது வேண்டாம். கையில வச்சு, கிட்டத்துல, சின்னதா, கறுப்பா தெரியுற மாதிரி வாங்குங்க."

வெளியில் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "டாக்டர்தான் சொன்னாங்களா, இல்ல ஒம் மக சொன்னாளா?" என்றார். வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனாரோ நேராகவே சொல்லிவிட்டார். "கண்ணு சரியில்லாத பிள்ளைக்குக் கண்ணைக் கெடுக்குற சாமானா? நல்லா இருக்குத்தா ஒங்க நாயம்!"

போதாததற்கு என் தம்பி வேறு வந்து சேர்ந்தான். எங்கள் இரண்டு பக்கத்துக்கும் வாடிப்பட்டிதான் ஊர். அவன் அங்கே பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அடுத்த மாதம் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாமன்தான் சீர் கொண்டுவர வேண்டும். அவன் சொன்னான், "வீடியோ கேம் என் சீருக்கா. நீ வாங்கிராத." மாமன் வாயால் ஒரு சாமானை என் சீர் என்று சொல்லிவிட்டால், பெற்றவர்கள்கூட அதை வாங்கக் கூடாது. வாங்கினால் மாமனுக்கு வக்கில்லை என்று ஊர் பேசும். அதனால்தான் பிள்ளையையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு அந்த டவுன் ஹால் ரோட்டு மாடிக்குப் போனேன்.

பாய் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று டிவியில் மாட்டுவது, இரண்டு கைப்பிடியோடு தாம்பாளம் நிறைகிற பெட்டி. இன்னொன்று கையடக்கமானது. சின்னக் கண்ணாடிக்குள் ஒரு கூடைக்காரன் அங்குமிங்கும் ஓடி, மரத்திலிருந்து விழும் பழத்தைப் பிடிப்பான். "இதுக்கு பேட்டரியே வேணாம் தங்கச்சி. வெளிச்சத்துலயே ஓடும். வெயில்ல வச்சா இன்னும் ஜோரா ஓடும்" என்றார். வெயிலுக்கா மதுரையில் பஞ்சம்?

தம்பி பெரிய பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை. "அக்கா, அதைத் தட்டுல வச்சா வெத்தலைக்குப் பின்னாடி மறைஞ்சு போயிரும். கொட்டுமேளத்தோட வாரேன், சனம் அம்புட்டும் பாக்கும். 'மாமன்காரன் தீப்பெட்டி கொண்டாந்துருக்கான்'னு சொல்ல மாட்டாய்ங்களா?"

"சனம் பாக்குறதுக்காடா வாங்குறோம்? இவ பாக்குறதுக்குடா!"

"கண்ணாடி போட்டா தெரியப்போவுது. சும்மா பெருசு பண்ணாதக்கா."

அவனுக்கு அது ஏதோ லேசான கோளாறு என்று நினைப்பு. பாய் சண்டையை நிறுத்துவதற்காக, கடை டிவியில் பெரிய பெட்டியை மாட்டி ஓட விட்டார். நான் பிள்ளையின் வலது கண்ணில் கட்டை ஒட்டினேன். தம்பி அவளைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்து, கைப்பிடியைக் கொடுத்து, "மாமாட்ட சொல்லு, என்ன தெரியுது?" என்றான். டிவியில் பச்சை, சிவப்பு என்று கப்பல்கள் பறந்தன. அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "வெள்ளையா இருக்கு மாமா" என்றாள். தம்பி அவள் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, "மாமாவ தெரியுதா?" என்று கேட்டான். "சட்டை தெரியுது" என்றாள். அவன் பெரிய பெட்டியைத் தானே தள்ளி வைத்தான். "சின்னதையே குடுங்க பாய்." எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் அம்மாவும் இல்லை. அதனால் காதுகுத்துக்கு முந்தின நாள் அவன் வீட்டில் சீர்த்தட்டு அடுக்கியதும் நான்தான். சீர் வாங்குகிறவளே சீர் அடுக்கிய கூத்தை என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். பச்சரிசி, தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, கம்மல் என்று பதினோரு தட்டு. வீடியோ கேம் வெற்றிலைக்குப் பின்னால் மறையாமல் இருக்க, அரிசியைக் குவித்து அதன் உச்சியில் நிறுத்தினேன். புதுச் சாமான் எதுவானாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நாங்கள் தொட மாட்டோம். அதற்கு மேல்பக்கம் வழவழவென்று கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. நெற்றி மாதிரியே இருந்தது, பொட்டு வைப்பதற்கென்றே விட்டுவைத்த இடம் என்று நினைத்தேன். நான் எதையும் கஞ்சத்தனமாகச் செய்கிறவள் இல்லை. மூன்று விரலால் சந்தனத்தைத் தாராளமாக இழுவினேன், நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

கொட்டுமேளம், சீர் எல்லாம் ஊர்க் கோயிலில் நல்லபடியாக வந்து இறங்கியது. காது குத்தும்போது மாமன் மடியில் அவள் போட்ட கூப்பாடு கோயிலையே தூக்கியது. "கேம் தாரேன், கேம் தாரேன்" என்று சொல்லித்தான் அடக்கினோம். அவளே என்னிடம் வந்து, "கட்டு ஒட்டும்மா, விளையாடணும்" என்று முகத்தை நீட்டினாள். அவள் வாயால் கட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கேமை எடுத்துக் கையில் கொடுத்தோம். ஓடவில்லை. பொத்தானை அமுக்கினோம். கூடைக்காரனையும் காணோம், பழத்தையும் காணோம். தம்பி அதைக் கோயில் வாசலில் நட்டநடு வெயிலில் நீட்டிப் பிடித்தான். பிறகு திருப்பிப் பிடித்தான். யாரோ டிராக்டர் மேல் ஏறிப் பிடிக்கச் சொன்னார்கள், ஏறியும் பிடித்தான். ஊரில் செத்துப்போன மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "வயரும் இல்ல, பேட்டரியும் இல்ல. எதைப் புடிச்சுச் சோதிக்கிறதுன்னே தெரியலக்கா" என்றான். நாத்தனார், "சாமிக்கே பொறுக்கல பாத்தியா" என்றார். பிள்ளை கட்டைப் பிய்த்துக் கீழே போட்டு மிதித்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் கட்டைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நாள் போய்க்கொண்டிருந்தது. ஏழு வயது, ஏழு வயது என்று எனக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் ஹால் ரோட்டுக்குப் போனேன். படியேறும்போதே ஆரம்பித்துவிட்டேன். "ஏன் பாய், பச்சப்புள்ள சாமானையா ஏமாத்திக் குடுப்பீங்க? சபையில எங்க மானம் போச்சு! எந்தம்பி டிராக்டர் மேல ஏறி நின்னான்!" கடையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பாய் கேமை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை நனைத்து, காய்ந்து ஓடாகிக் கிடந்த சந்தனத்தைத் துடைத்தார். கீக் கீக்! கூடைக்காரன் ஓட ஆரம்பித்தான்.

"தங்கச்சி, இது வெளிச்சம் குடிக்கிற வாயி. நீங்க வாயில சந்தனத்த அப்பிட்டு, சோறு திங்க மாட்டேங்குதுன்னா எப்புடி?"

கடையே சிரித்தது. மங்கலமாக வைத்த சந்தனத்தை நாங்கள் யாராவது துடைப்போமா? மூன்று நாளாக அத்தனை பேரும் அதை வெயிலில் காட்டினோமே தவிர, பொட்டில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சுக்கங்க பாய்" என்றேன். "அட விடுங்க தங்கச்சி, இன்ஷா அல்லாஹ் பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியட்டும். அது போதும்" என்று அவள் கையில் கேமைக் கொடுத்தார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை என்னிடம் நீட்டினாள். நான் கைப்பையிலிருந்து கட்டை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நேரத்தை வெயில்தான் சொன்னது. காலையில் வாசற்படியில் வெயில் விழும், அவள் வாசற்படியில் இருப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பத்து மணிக்குக் கூடத்து ஜன்னல், மதியம் கிணற்றடி, சாயந்திரம் பின்கட்டு. வெயில் நகர நகரக் கோரைப்பாயை இழுத்துக்கொண்டே போவாள். முதலில் கூடைக்காரன் ஒரு பழத்தையும் பிடிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் விளையாடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூக்கு கேமில் இடிக்கிற அளவுக்கு உற்றுப் பார்ப்பாள். இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டு பழம் கூடையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி வந்து, அவளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "விட்ரு தாயி, நான் புடிக்கிறேன்" என்று அவளிடம் தோற்றுப்போவான். அது உண்மையான தோல்வியா என்று நான் கேட்டதில்லை. கண் தேறுகிறதா இல்லையா என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. டாக்டரம்மா, "பொறுங்க, பொறுங்க" என்பார். எனக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்?

அப்படி ஆறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் வழக்கம்போல அவளைப் படியில் உட்கார வைத்து, வலது கண்ணில் கட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். இடது கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒன் மூக்குத்தில ஒரு கல்லக் காணோம்."

"ஆடாம இரு. ஒட்டிக்கிட்டு இருக்கேன்ல" என்று அதட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. விரலால் தடவிப் பார்த்தேன். கல் இருந்த இடம் பள்ளமாக இருந்தது. கடுகளவு கல்.

"ஏங்க! ஓடியாங்க! எம் மூக்குத்திக் கல்லு தொலஞ்சு போச்சுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பல் விளக்கிக்கொண்டிருந்த மனிதர் வாயில் நுரையோடு ஓடிவந்து, தரையெல்லாம் தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கல்லு தொலஞ்சதுக்கு எதுக்குடி இந்தச் சிரிப்பு சிரிக்கிற?" என்று கேட்டார்.