கூரை விழுந்த பக்கம்

மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்த பசைக்கு ஒரு வாடை உண்டு. புளிப்பும் கசப்புமான அந்த வாடை விரலில் ஏறிவிட்டால் சோற்றைப் பிசையும்போதும் போகாது. தீபாவளிச் ‘சீசன்’ நெருங்கும் மாதங்களில் விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெரு முழுக்க அந்த வாடைதான் அடிக்கும். வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சின்னக் கம்பியில் தாளைச் சுற்றிப் பசை தடவி, வெடிக்கு வேண்டிய வெறும் காகிதக் குழாய்களை உருட்டிப் போடுவார்கள். மருந்து நிரப்புவதெல்லாம் ‘கம்பெனி’யில், எங்கள் தெருவுக்கு வருவது தாள் மட்டுமே. சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்துப் போட்டது, பழைய நோட்டு, விற்காத புத்தகம் என்று சாக்குச் சாக்காக வந்து இறங்கும்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், அப்படி வந்த சாக்கு ஒன்றில் அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாத தடிப் புத்தகம் ஒன்று கிடந்தது. எண்ணூறு தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னால் சீமையில் ஏதோ ஓர் ஊரில், தலைமுறை தலைமுறையாக ஒரு பெரிய கல் தேவாலயம் கட்டுகிற கதை. யாரோ தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். என்ன பெயர், யார் எழுதியது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும்வரை நான் சத்தம் போட்டு வாசிப்பேன். வாசித்து முடித்த பக்கங்களை அன்றன்றைக்கே கிழித்து உருட்டக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் எங்கள் புத்தகம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. போன வாரம் பிஷப் என்ன சொன்னார் என்று புரட்டிப் பார்க்க முடியாது, அவர் குழாயாகிப் போயிருப்பார்.

கேட்கிறவர்கள் சும்மா கேட்கவில்லை. ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. “இம்புட்டுப் பெரிய கோயிலக் கட்டுறாகளே, கல்லுத் தூக்குறவுக என்னத்தச் சாப்பிட்டாகன்னு ஒரு வரி எழுதியிருக்கானா பாரு” என்று பொன்னுத்தாய் அத்தை எழுதியவரைத் திட்டுவாள். கதாநாயகி அழுதே காலத்தைக் கழிக்கிறாள், அவளை வைத்து ஒரு வேலையும் ஆகாது என்பது என் அம்மாவின் தீர்ப்பு. எதிர்வீட்டு முருகேஸ்வரி அக்கா மட்டும் குனிந்த தலை நிமிராமல் உருட்டிக்கொண்டே கேட்பாள். தெருவிலேயே வேகமான கை அவளுடையது. எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். சடை பின்னிவிடுவதற்கு அம்மாவை விட்டுவிட்டு அவளிடம்தான் போவேன்.

பாதிப் புத்தகம் தாண்டியபோது ஒரு கொத்தன் வந்தான். உச்சிக் கூரையைத் தாங்கும் கல்வளைவில் ஒரு விரிசலை அவன் பார்த்துவிடுகிறான். சொன்னால் தலைமைக் கொத்தனார் வேலையை விட்டுத் துரத்திவிடுவார் என்று வாயை மூடிக்கொள்கிறான். திருவிழா நாள் நெருங்குகிறது, ஊரே கூரைக்கு அடியில் கூடப் போகிறது.

அன்றைக்குத்தான் முருகேஸ்வரி அக்கா வாய் திறந்தாள். அவள் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணன் அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். அன்றாடம் மிஞ்சுகிற கலவையை அன்றே அழித்துவிட வேண்டும், வைத்திருந்தால் தானாகவே சூடேறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்தச் சீசனில் ‘ஆர்டர்’ குவிந்து கிடந்ததால், மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் போர்மேன். “கேட்டா வேலைக்கு வராதங்காக. என்ன செய்யன்னு இவுகளும் பேசாம இருக்காக” என்றாள்.

பிறகு இரண்டு மூன்று நாள் மரத்தடியில் இதே வாதம்தான். பிள்ளைகுட்டிக்காரன் வாயைக் கொடுக்கலாமா என்று ஒரு கட்சி. சொல்லாமல் இருப்பவன் மனுசனா என்று ஒரு கட்சி. கொத்தனைப் பற்றிப் பேசுகிறார்களா, சண்முகம் அண்ணனைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பிரிக்க முடியாது. முருகேஸ்வரி அக்கா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. “கூர என்னாகுதுன்னு பாப்போம். பெறகு பேசிக்கிடலாம்” என்றாள்.

அந்தப் பக்கம் வந்தது. என் கண் எப்போதும் வாய்க்கு நாலு வரி முன்னால் ஓடும். கூரை விழுந்திருந்தது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்து, எழுபதுக்கு மேற்பட்டவர்கள் கல்லுக்கடியில் போய்விட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். முருகேஸ்வரி அக்கா உருட்டுவதை நிறுத்திவிட்டு, பசை விரல்கள் அந்தரத்தில் நிற்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் வாசிக்க முடியவில்லை. கொத்தன் பயந்தது வீண், கூரை அசையவில்லை, திருவிழா நல்லபடியாக முடிந்தது என்று என் இஷ்டத்துக்கு வாசித்துவிட்டு இரண்டு தாளைப் புரட்டினேன்; அதற்கப்புறம் கதை வேறு ஊருக்குப் போய்விட்டது. அவள் மூச்சு விட்டுச் சிரித்தாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

இரண்டு தாளையும் வழக்கம்போலக் கிழித்து உருட்டக் கொடுத்துவிட்டேன். ஒளித்து வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தாளோடு தாளாகவே நாளெல்லாம் இருக்கிற அந்தப் பெண்களில் யாராவது அதைப் படிப்பார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர் எனக்கு! முருகேஸ்வரி அக்கா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். மறுநாள் காலை உருட்டிக்கொண்டிருந்தபோது கூரை என்ற சொல் கண்ணில் பட்டு, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்திருக்கிறாள். கம்பியை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், கம்பெனி வாசலில் நின்று சண்முகம் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாளே அவருக்கு வேலை போயிற்று.

அந்த இடம் காலியாக இருக்கவில்லை. சீசன் நேரம், கூலியும் அதிகம். என் அம்மாவின் தம்பி செல்வம் மாமா வேலைக்கு வருவதாகக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அது தெரிந்ததும் முருகேஸ்வரி அக்கா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“மதினி, ஒங்க தம்பிய அந்த ரூமுக்கு விடாதீக. கதையில கூர விழுந்துபோச்சு. நான் என் கண்ணால வாசிச்சேன்.”

அங்கேயே உட்கார்ந்திருந்த மாமா சிரித்தார். “விழலன்னுல்ல இவ வாசிச்சா? எங்க அந்தத் தாளு, கொண்டா பாப்போம்” என்றார். தாள் ஏது? பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் அவள் போட்டுவிட்டுப் போனதை யாரோ உருட்டி, அன்று சாயங்காலமே ‘லோடு’ ஏற்றியாகிவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீதான வாசிச்ச. சொல்லு தாயி, விழுந்துச்சா?”

எல்லோர் முன்னாலும் பொய் வாசித்தவள் என்று பெயர் எடுக்க வேண்டுமே என்கிற பயம் தவிர அப்போது எனக்குள் வேறொன்றும் இல்லை. “விழல” என்றேன். முருகேஸ்வரி அக்கா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள், காலை மணி பத்துக்கு முன்னால், வகுப்பறை ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் இடியா வெடியா என்று சொல்லித்தரத் தேவையில்லை. டீச்சர் உட்பட எல்லோரும் எழுந்துவிட்டோம். மருந்து கலக்கும் அறையில் இருந்தவர்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். செல்வம் மாமா உயிரோடு வந்தார்; இரண்டு கையும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சரியாகச் சொன்னாளே என்று முருகேஸ்வரி அக்காவை யாராவது மதிப்பார்கள் என்று நினைத்தேன். தெரு அவளைக் ‘கருநாக்குக்காரி’ என்றது. விழாத கூரையை விழுந்தது என்று அவள் வாயால் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்றார்கள். ஒரு புத்தகத்தை வாசித்ததற்கு இப்படியும் ஒரு பழியா என்று எனக்குப் பட்டது, ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை. மரத்தடியில் அவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் தாளை அள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த புத்தகத்தை நான் வாசிக்க மாட்டேன் என்று சொல்ல, அதையும் உருட்டி முடித்தார்கள்.

இப்போது குழாய் உருட்ட மெஷின் வந்துவிட்டது. வேப்பமரம் நின்ற இடத்தில் லாரிகள் நிற்கின்றன. சத்தம் போட்டு வாசிக்க ஆளும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. போன மாதம், செல்போனில் கதையின் விவரத்தைப் போட்டுத் தேடியபோது அந்த நாவல் அகப்பட்டது. கீழே வாசகர் கருத்துகள் வரிசையாக இருந்தன: நீளம் அதிகம், கட்டடக்கலை விவரம் அலுப்பு, கதாநாயகி பொறுமையைச் சோதிக்கிறாள். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘விரிசலைப் பார்த்த மனிதன் வாயைத் திறக்காமல் இருப்பான் என்பதை நம்பவே முடியவில்லை’ என்று எழுதியிருந்தார். போனை வைத்துவிட்டு நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “மாமா, அந்தக் கதையில கூர விழுந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப அது அவ நாக்கு இல்லியா?”

“இல்ல மாமா. புத்தகத்துலயே இருந்துச்சு.”

“ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு நானும்லா அவளக் கருநாக்குன்னு வஞ்சேன்” என்றார். எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். “அவ இப்ப எங்கன இருக்கா? வா, போவோம்.”

திருப்பூர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டு வைக்கவில்லை. அதை நான் சொல்வதற்குள் மாமா எனக்கு முன்னால் வந்து நின்றார். அவரால் பொத்தான் போட முடியாது. நான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.