ஆடியில் அருவி பார்க்கப் போனோம்

என் அப்பா முனியப்பனின் உலகம் சின்னது. தக்காளித் தோட்டம், பாலக்கோடு மார்க்கெட், வீடு. பத்து வருடமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார், வழியில் டீ குடிக்கக்கூட நிறுத்த மாட்டார். அவ்வளவு நேரான மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் நம்பினேன்.

நான் எம்.எஸ்சி. முடித்ததும் சொந்தக்காரர்கள் ஜாதகம் கேட்டு வந்தார்கள். "பிரியா ரெண்டு வருசம் படிக்கட்டும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்ச எடுத்துக்கிட்டு எங்கூட்டுப் பக்கம் வராதீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னவர் அவர்தான். அந்த வார்த்தையை நம்பித்தான் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

போன ஆடியில் ஒருநாள் தருமபுரியில் சான்றிதழ் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினோம். ஆபீஸுக்குப் போகிறோம், நல்ல சுடிதாராகப் போட்டுக்கொள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். வண்டி பாலக்கோடு ரோட்டுக்குப் போகாமல் பென்னாகரம் பக்கம் திரும்பியது.

"எங்கப்பா போற?"

"காவேரில தண்ணி நல்லா வருதாம். ஒகேனக்கல் பாத்துட்டு வரலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பின்னால் காலித் தக்காளிக் கூடைகள் கடகடக்க, வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினேன். அருவியைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன். அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் வறுக்கும் கடையருகே ஓர் அம்மாவும் அவர் மகனும் நின்றிருந்தார்கள். தற்செயலாகப் பார்த்தவர் போல அப்பா வணக்கம் வைத்தார். ஆடியில் பெண் பார்க்கப் போகக் கூடாது, அருவி பார்க்கப் போகலாமே! அந்த அம்மா என்னை உச்சியிலிருந்து கால்வரை அளந்துவிட்டு ஒரு துண்டு மீனை நீட்டினார். "சாப்புடு கண்ணு. ஆவணியிலயே வெச்சுக்கலாம்னு உங்கப்பா சொன்னாரு."

அப்பா என்னை ஏமாற்றிவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

திரும்பும்போது கேட்டேன். "எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"உனக்குத் தெரியாம பாத்துட்டுப் போனா, அவங்க வேணாம்னு சொன்னாலும் உனக்குச் சங்கடமில்ல பாரு."

"நான் வேணாம்னு சொன்னா?"

கியரை மாற்றினார்.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "எனக்கு வேணாம். நீயே போன் பண்ணிச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் பாலக்கோடு பஸ்ஸில் ஏறினேன். குட்டியானை கடைசிவரை பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. பொய் சொல்வானேன், மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது.

மூன்று நாள் பொறுத்தேன். அவர் போன் செய்யவில்லை. நான்காம் நாள் அவர் போனிலிருந்து நம்பரை எடுத்து நானே அந்த அம்மாவிடம் பேசினேன். எனக்கு இதில் விருப்பமில்லை என்றேன்.

"என்ன கண்ணு இப்படிச் சொல்ற?" என்றார் அவர். "பொண்ணுதான் மாப்பிள்ளைய நேர்ல பாக்கணும்னு ஆசப்படுதுன்னு சொல்லித்தான உங்கப்பா எங்கள அங்க வரச் சொன்னாரு?"