இரண்டாயிரத்து முந்நூறு

இருநூற்று முப்பதைப் பத்தால் பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்துப் போடவே நேரம் பிடிக்கும். ஆனாலும் இந்தக் கணக்கை எப்போது கேட்டாலும் சொல்வேன்.

அப்போது மணவாள நகரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. விறகுப் புகை குழந்தைக்கு ஆகாது என்று மாமா ஒரு கரண்ட் அடுப்பு கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். காக்களூரில் அடுப்புக்குச் சுருள் கம்பி சுற்றும் கம்பெனியில் அவருக்கு வேலை.

அடுப்பு வந்ததிலிருந்து பீஸ் கட்டை அடிக்கடி போனது. மாமா ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பியாகப் பார்த்துப் போடுவார். நைனாவுக்குப் பொறுமை கிடையாது. "இது பெரிய பேஜாரா கீதே" என்று ஒருநாள் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிட்டார். "இனிமே எப்டிப் போவுதுன்னு பாக்கறேன்" என்றார். அதன் பிறகு போகவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆடி வெள்ளியன்று அம்மாவும் நைனாவும் பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டதைத் தீர்க்கப் பெரியபாளையம் போனார்கள். அக்கா அசந்து தூங்கினாள். கிளம்பும்போது அம்மா என்னிடம் சொன்னாள்: "கொயந்தைக்குத் தண்ணி காய வெய்யி. சுச்சி மட்டும் போடு. வேற எதுலயாவது கை வெச்ச, தோல உரிச்சுடுவேன்."

சுவிட்சைப் போட்டேன். அடுப்பு சிவக்கவில்லை. சுருள் நடுவில் அறுந்திருந்தது.

அறுந்த சுருளை மாமா ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்து, கருகிய நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் கொக்கிபோல் கோத்து முறுக்குவார். நானும் சுவிட்சை அணைத்துவிட்டு ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துச் சுருள் தொட்டதெல்லாம் நொறுங்கியது. நொறுங்கியதை எல்லாம் குப்பையில் போட்டேன். மிஞ்சிய பாதியை இழுத்து நீட்டி, அடுப்புத் தட்டின் பள்ளத்தில் சுற்றி மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் இதுவரை பார்த்திராத சிவப்பு! எப்போதும் ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு குண்டானையும் தூக்கி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தில் ஓடும் வயர் உருகி, கறுப்பாகச் சொட்டியது. அதே உத்தரத்தில்தான் குழந்தையின் தூளி தொங்கியது. ஒரு சொட்டு தூளிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

ஓடிப்போய் சுவிட்சைத் தொட்டேன். விரல் சுட்டது. திரும்பத் தொடப் பயம். தூளியை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றேன். விட்டால் அது பழைய இடத்துக்கே போகும். "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. குழந்தை என்னைப் பார்த்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அடுத்த சொட்டு என் முழங்கையில் விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்போது வந்த அலறலில்தான் அக்கா எழுந்தாள். குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

மதியச் சோற்றுக்கு வந்த மாமா சைக்கிளை அப்படியே கீழே போட்டார். பீஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். எல்லாம் அடங்கிய பிறகு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செப்புக் கம்பி அப்படியே முழுசாக இருந்தது.

"இன்னாம்மா பண்ண?"

"நாந்தான் ஒட்டுனேன் மாமா. சூப்பரா எரிஞ்சுது."

மாமா கருகிய வயரைப் பிய்த்துப் போட்டார். வேறு வயர் இழுத்தார். பீஸில் மெல்லிய கம்பி போட்டார்.

சாயங்காலம் வந்த அம்மா கருகிய உத்தரத்தைப் பார்த்தாள். "யாரு கைய வெச்சது?"

"நாந்தாங்கா. காலைல ஒட்டிட்டுப் போனேன்" என்றார் மாமா.

"கம்பெனில வேல செய்யற கையாடா இது? கொயந்த தூங்கற எடம்டா! நீ சோறுதான் துன்றியா?"

மாமா தலை குனிந்து நின்றார். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. வேலை செய்தவள் நான், பேர் அவருக்கா?

மறுநாள் மாமா அடுப்பை எடுத்துக்கொண்டு என்னையும் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பலகையில் வோல்ட்டுக்கு ஒன்று, ஆம்பியருக்கு ஒன்று என இரண்டு மீட்டர் இருந்தன. முதலில் புதுச் சுருளை மாட்டினார். ஒரு முள் இருநூற்று முப்பதில் நின்றது, இன்னொன்று ஐந்தில். பிறகு என் சுருளை மாட்டினார். முதல் முள் அங்கேயே நின்றது. இரண்டாவது பத்துக்குப் போனது. மாமா தரையில் சாக்பீஸால் எழுதினார்.

"வோல்ட்ட ஆம்பியரால வகு. அதான் ஓம். கம்பியோட முரண்டுன்னு வெச்சுக்க. புதுசுக்கு நாப்பத்தாறு, உன்னுதுக்கு இருவத்தி மூணு. இப்ப வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கு. அது வாட்டு, சூடு. புதுசுக்கு ஆயிரத்து நூத்தி அம்பது, உன்னுதுக்கு ரெண்டாயிரத்தி முன்னூறு. முரண்டு பாதியாச்சு, சூடு டபுளாச்சு. அத்தினி கரண்ட நம்ம ஊட்டு வயரு தாங்குமா? புரியுதா?"

புரிந்தது. புதுச் சுருளைவிட எனக்கு இரண்டு மடங்கு மார்க்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "மாமா ஒட்டல, நாந்தான் ஒட்டுனேன். என்னுது ரெண்டாயிரத்தி முன்னூறு. கம்பெனிலயே பாத்தாச்சு!"

அம்மா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். கை ஓங்கினாள். மாமா குறுக்கே கையை நீட்டினார்.

"வுடுக்கா. அவ சுருள மட்டுந்தான் ஒட்டுனா. பீஸு போயிருந்தா அப்பவே நின்னிருக்கும்."

"ஏன் போவல?"

மாமா தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தார்.

நைனா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவினார். பீஸ் பெட்டிக்குக் கீழே போய், ஈரக்கை சொட்டச் சொட்ட, அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

என் இரண்டாயிரத்து முந்நூறைத்தான் அவரும் அப்படி அதிசயமாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.