ஆறு மணிப் பாட்டு

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பாட்டுக்காரி என்றுதான் பெயர். நன்றாகப் பாடுவாளோ என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வாயைத் திறந்தால், துணி உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலே தேவலை என்று இருக்கும். ஊர் உலகத்தில் யார் யாரோ பாடியதைத் தேடிப் பிடித்து, நாளுக்கு ஒன்றாக, காலை ஆறு மணிக்குக் கூட வேலை செய்கிறவர்களின் கைபேசிக்கு அனுப்புவாள். அனுப்பச் சொல்லி யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள், பிறகு நிறுத்த முடியவில்லை.

அதிலும் கண்ட பாட்டுக்கு இடம் கிடையாது. ஃபங்க், சோல், இரண்டே சங்கதி. இன்றைக்கு பிரேசில் என்றால் நாளைக்கு நைஜீரியா, அப்புறம் துருக்கி, ஜப்பான் என்று உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தைச் சுற்றி வருவாள். பாஷை ஒன்றும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள், "அப்படின்னா என்னக்கா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"சோல்னா மனசு விட்டு அழுதுக்கிட்டே பாடுறது. ஃபங்க்னா அழுத கண்ணைத் தொடச்சிட்டு எழுந்து ஆடுறது. அவ்வளவுதான், போய் வேலையைப் பாரு."

இசை படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, சலவைக்கூடத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது போட்டுவிடுவாள். கை தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பு தானாக அசைந்தால் அந்தப் பாட்டு தேறியது. அசையாவிட்டால், எத்தனை பெரிய பாடகராக இருந்தாலும், போய் வாரும் சாமி. தேறிய பாட்டுக்கு முன்னால் தன் குரலில் ஒரு கூப்பாடு சேர்ப்பாள்: "எழுந்திரிங்க, எழுந்திரிங்க! படுத்திருந்தது போதும்!" மறுநாள் ஆறு மணிக்குத் தானாகப் போகும்படி அப்போதே கைபேசியில் குறித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

இந்தப் பாட்டுகளுக்கு முதல் ரசிகை அவளுடைய அண்ணி. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, இவர்கள் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். வேலையும் ஜோடியாகத்தான். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும், ஒரு உதறு உதற வேண்டும், பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனைகளைக் கை மாற்ற வேண்டும். மடிக்கும்போது அன்றைய பாட்டைக் கைபேசியில் ஓட விடுவார்கள். ஃபங்க் பாட்டில் முதல் தட்டு கனமாக விழும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஓடும். அந்த முதல் தட்டில் இவர்கள் உதறுவார்கள். படார் என்று ஒரே சத்தம். மற்ற ஜோடிகள் மடிப்பதற்குள் இவர்கள் பக்கம் அடுக்கு தோள் உயரம் ஏறியிருக்கும்.

அண்ணியின் அம்மாவும் ஒரு ரசிகை. நடமாட்டம் நின்று, மகள் வீட்டில் படுக்கையோடு இருந்தவர். காலையில் அண்ணி அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது பாட்டு வந்துவிடும். "படுத்திருந்தது போதும்" என்று கேட்டதும், "என்னைத்தாண்டி சொல்றா உன் நாத்தனா" என்று சிரிப்பார். பாட்டு முடிந்ததும் தீர்ப்பு. பிடித்தால் "தேவலை." பிடிக்காவிட்டால் "சத்தம்." அந்த ஒற்றை வார்த்தையை அண்ணி வேலைக்கு வந்ததும் வராததுமாகச் சொல்வாள். "தேவலை" என்று வந்த நாளில் பாட்டுக்காரியைப் பிடிக்க முடியாது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கானா நாட்டுப் பாட்டு ஒன்று. ஊதுகுழல்கள் எடுத்த எடுப்பிலேயே அள்ளிக்கொண்டு போகும். பாத்திரம் பாதிகூடக் கழுவவில்லை, இடுப்பு அசைந்துவிட்டது. வழக்கம்போலக் கூப்பாடு சேர்த்து, ஆறு மணிக்குக் குறித்து வைத்தாள். மறுநாள் விடியும் முன்பே அண்ணியின் அம்மா போய்விட்டார். அண்ணன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்ததில் தங்கைக்குச் சொல்லத் தாமதமாகிவிட்டது. ஆறு மணி தாமதிக்குமா? உறவுக்காரர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்த அறையில் அண்ணியின் கைபேசி ஒலித்தது. நாத்தனாருக்கு விஷயம் தெரிந்து ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து அண்ணி அதைத் தொட்டாள். "எழுந்திரிங்க, எழுந்திரிங்க! படுத்திருந்தது போதும்!" கூடவே ஊதுகுழல்கள்.

பாவி, பாட்டுக்காரிக்கு இது தெரியாது. செய்தி கேட்டு அழுதுகொண்டே ஓடியவளை அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன்தான் வாசலில் நிறுத்தி நடந்ததைச் சொன்னான். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணியிடம் போய் நின்றாள். "அண்ணி, அது முந்தின நாளே குறிச்சு வச்சது அண்ணி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலைக்குத் திரும்பியதும் அண்ணி சூப்பர்வைசரம்மாவிடம் கேட்டு, நீராவியில் தேய்க்கிற பக்கம் மாறிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசை. பாட்டுக்காரி பாட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். "என்னக்கா, உலகத்துல பாட்டு தீந்துபோச்சா?" என்று பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள். தீரவில்லை, பாத்திரம் கழுவும்போது அவள் எதையும் போடவில்லை, அவ்வளவுதான். அண்ணனிடம் புலம்பினாள். "விடு, தானா சரியாயிடும்," என்றான் அவன். ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவளுக்கு வேண்டியிருந்தது அண்ணி. அண்ணி பேசாத வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவது?

வாரங்கள் போயின. ஒரு நாள் தேய்க்கும் இயந்திரம் மக்கர் பண்ணிப் படுத்துவிட்டது. பாட்டுக்காரியின் புது ஜோடியும் அன்று வரவில்லை. மருத்துவமனை வண்டியோ வாசலில் காத்திருந்தது. சூப்பர்வைசரம்மா முன்பின் யோசிக்காமல், "நீ போய் அவகூட மடி," என்று அண்ணியை அனுப்பினார்.

இரண்டு பேரும் முனையைப் பிடித்தார்கள். இவள் உதறும்போது அவள் இழுத்தாள். அவள் நடக்கும்போது இவள் நின்றாள். விரிப்பு தரையில் விழுந்தது, எடுத்து மடித்தால் கோணல். அடுத்ததும் கோணல். "வெளிச்சம் சரியா இல்ல," என்றாள் பாட்டுக்காரி மெதுவாக.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று சூப்பர்வைசரம்மா இரைந்துவிட்டுப் போனார்.

அண்ணி விரிப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாட்டு போடு."

"எந்தப் பாட்டு அண்ணி?"

"அன்னைக்கு வந்துச்சே, அது."

பாட்டுக்காரி அந்தப் பாட்டைத் தேடி எடுத்தாள். கைபேசியை அலமாரியில் வைத்துப் போட்டாள், தன் கூப்பாட்டை மட்டும் தாண்டிவிட்டு. ஊதுகுழல்கள் கிளம்பின. முதல் உதறு பிசகியது. இரண்டாவது, படார். எதிரெதிரே நடந்து வந்து முனை மாற்றும்போது அண்ணியின் முகம் ஒரு முழத்தில் இருந்தது.

"உன் மேல தப்பு இல்ல," என்றாள்.

பின்னால் போனார்கள், இழுத்தார்கள், உதறினார்கள், மறுபடி வந்தார்கள்.

"என் காலு தாளம் போட்டுடுச்சுடி."

பாட்டுக்காரிக்குப் புரியவில்லை. அடுத்த முறை நெருங்கியபோது அண்ணி முனையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பாட்டை நிறுத்தணும்னு தடவுறேன், கை வழுக்குது. அதுக்குள்ள இந்தக் காலு தாளம் போடுது. பெத்தவ செத்துக் கிடக்கா, இது தாளம் போடுது. இதை நான் யார்கிட்டடி சொல்ல? உன்மேல கோவமா இருக்கறது சுலபமா இருந்துச்சு."

பாட்டுக்காரி வாயில் வந்ததைக் கேட்டாள். "எந்தக் காலு அண்ணி?"

அண்ணி அவளை முறைத்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "இடது," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாட்டுக்காரியும் சிரித்தாள். பக்கத்து ஜோடி மடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"அது மட்டும் இல்ல," என்றாள் அண்ணி. சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. "பாட்டு நின்னதும் பழக்கதோஷத்துல அம்மா முகத்தைப் பாத்தேன். தேவலையா, சத்தமான்னு."

பாட்டுக்காரி தன் முனையோடு ஓரடி கிட்டே வந்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லலடி."

அம்மா போனபோது எல்லோரும் அழுதார்கள், அண்ணி மட்டும் அழவில்லை என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. இப்போது கையில் இருந்த விரிப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு, அலமாரியில் பாட்டு ஓட ஓட, விம்மி விம்மி அழுதாள். பாட்டுக்காரி மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சூப்பர்வைசரம்மா தூரத்திலிருந்து பார்த்தார், இரையவில்லை. அந்த விரிப்பு மட்டும் அன்றைக்கு வண்டியில் ஏறாமல் திரும்பவும் வெளுக்கப் போயிற்று.