பதினோரு மணி ஜன்னல்

பாலம்மாளுக்குத் தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருட வேலை. ஓய்வுபெற்ற மறுவருடமே சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மகள் விஜயஸ்ரீ பெங்களூரில். ஆகவே அம்பாசமுத்திரத்து வீட்டில் அவளும், மாதாமாதம் அட்டைப்பெட்டிகளில் வந்திறங்கும் டயாலிசிஸ் பைகளும்தான் குடித்தனம்.

வயிற்றிலுள்ள குழாய் வழியே பழைய நீரை வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு அரைமணி நேரம். கதவு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி... கல்யாண வீட்டில்கூட இத்தனை சடங்கு கிடையாது. பாலம்மாள் இம்மி பிசகாமல் செய்வாள். வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்ப்பாள். எழுத்து தெரிந்தால் நல்லது. கலங்கியிருந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள்.

அவளை வாட்டியது அந்த அரைமணி நேரத்து அமைதிதான். வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள்.

மிஞ்சியது பக்கத்து வீட்டு முத்துராணி ஒருத்திதான். காலை பதினோரு மணிக்கு, பாலம்மாள் பை மாற்றும் நேரம் பார்த்து, பீடித்தட்டோடு அந்த அறை ஜன்னலுக்கு வெளியே நிழலில் வந்து உட்காருவாள். கை பீடி சுற்றும், வாய் ஊரைச் சுற்றும். சாத்திய ஜன்னல் வழியே பாலம்மாளுக்குப் பாதிதான் கேட்கும். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பது கேட்கும், ஏன் போனாள் என்பது கேட்காது. எத்தனை நாள்தான் பொறுப்பாள் மனுஷி? ஒருநாள் ஜன்னலை நான்கு விரல் திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு தினமும் திறந்தாள்.

"அக்கா, இப்பம் கேக்குதா?"

மாஸ்க்குக்குள்ளிருந்து "ம்" என்பாள் பாலம்மாள். அவ்வளவில் அவளுக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

ஆனி பிறந்தது. மலையிலிருந்து இறங்கும் காற்று தெருப்புழுதியை வாரிக்கொண்டு வந்தது. ஒருநாள், அவள் குழாயின் மூடியைக் கழற்றிய நேரம் பார்த்து, புழுதியும் பீடித்தூளுமாக அறைக்குள் அடித்தது. இரண்டாம் நாள் வடிந்த பை கஞ்சித் தண்ணீராக இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வயிற்றைத் தொட முடியவில்லை. உடம்பு குளிரில் தூக்கிப் போட்டது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுச் சவ்வில் அழற்சி என்றார் டாக்டர். பைக்குள்ளேயே மருந்து கலந்து ஏற்றினார்கள். விஜயஸ்ரீ பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஐந்தாம் நாள் வலி அடங்கியதும் நர்ஸ் ரீபா நோட்டும் கையுமாக வந்தாள்.

"எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானம்மா திரும்ப வராமப் பாக்க முடியும். ஜன்னல் சாத்தித்தான இருந்துச்சு?"

மகள் கட்டிலருகே நின்றாள். உண்மையைச் சொன்னால் இவள் நேரே போய் முத்துராணியை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். அவளோ ரோஷக்காரி, பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள். உலகத்தில் பாலம்மாளோடு பேச இருக்கும் ஒரே ஆள்.

"சாத்தித்தான் இருந்துச்சு. நாந்தான் அன்னைக்குக் கை கழுவ மறந்துட்டேன்."

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பதிவுத் தபாலைக்கூட ஆள் மாற்றிக் கொடுக்காதவள் சொன்ன பொய் அது. ரீபா எழுதிக்கொண்டு போனாள். பாலம்மாளுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை.

"வீட்டப் பூட்டிருவோம்மா," என்றாள் விஜயஸ்ரீ. "கை கழுவ மறக்குத ஆள எப்படித் தனியா விட? இனி எங்கூட பெங்களூர்லதான் இருக்கணும்."

பாலம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இல்லட்டி, நான் மறக்கல. ஜன்னலத் திறந்து வச்சிருந்தேன். இனிமே சாத்திருதேன்."

விஜயஸ்ரீ சிரித்தாள். பரிவான சிரிப்புதான், அதுதான் கொடுமை. "இங்கனயே இருக்கணும்னு இப்பம் ஒரு கதை கட்டுதியாக்கும். சரி, எதுக்குத் திறந்த? அதச் சொல்லு."

பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வீடு மிஞ்சும், முத்துராணி மிஞ்சமாட்டாள். அவள் வராத வீட்டில் தனியாகக் கிடந்து என்ன செய்ய?

"கை கழுவத்தான் மறந்துட்டேன்," என்றாள் பாலம்மாள்.